ஐந்தாம் மாடி

கொரிய மொழியில் நான்கு என்னும் சொல் சாவு என்றும் ஒலிப்பதால், தேகு நகரின் அந்த மருத்துவமனையில் மூன்றாம் மாடிக்கு மேல் ஐந்தாம் மாடிதான். அவசர அழைப்பு வந்தவுடன் லிஃப்ட் தானே இயங்கும்படி அங்கு மென்பொருள் எழுதியவன் ஹியோங்தே. அது மாடிகளை வரிசையாக எண்ணி, மருத்துவர்களை ஆறாம் மாடியில் இறக்கிவிட்டது. ஐந்தாம் மாடியில் ஒரு முதியவர் இறந்துபோனார்.

நிர்வாகி பியோன் கணினி அறைக்கே இறங்கி வந்தார்.

"ஏம்ப்பா, உனக்கு எண்ணத் தெரியாதா?"

"ஒழுங்கா எண்ணினதுதான் சார் தப்பு."

"மூணு நாள் லீவு கேட்டியாமே. ஓடிப்போலாம்னு பாக்கிறியா?"

பியோன் ஒரு தாளை நீட்டினார்.

"வெளியில தெரிஞ்சா நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும். இதுல மாரடைப்புன்னு மட்டும் எழுதியிருக்கேன். பக்கத்து இழவுக்கூடத்துல அவரோட மகன் இருப்பான். ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசி, கையெழுத்து வாங்கிடு."

"மகன் போட்டாப் போதுமா சார்?"

"ஒரே மகனாம். அவன் போட்டுட்டா அப்புறம் கேக்க யாரு இருக்கா?"

ஹியோங்தே தாளை ஒரு வரி விடாமல் படித்தான். பிறகு அங்கேயே கையெழுத்திட்டான்.

"யோவ், நீ எதுக்குப் போடுற? மகன்ல போடணும்?"

"மகன்தான் சார் போட்டிருக்கேன்."