அரை அங்குல மேடு

தார்ச்சாலை போடும் பேவர் மெஷினை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பின்னாலிருக்கும் இரும்புத் தட்டு சூடான கலவையில் அமிழ்ந்து, மறுபடி கிளம்பும்போது அங்கே ஒரு மேடு விழும். இருபது வருடமாக எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்த மேதை நான்தான்.

எங்கள் தெருவுக்குச் சாலை போட்ட அன்று, என் மனைவி செண்பகவல்லி டீயோடு வந்து நின்றாள். தெருவே பார்க்கிற பெருமையில் மெஷினை நிறுத்தி, இரண்டு நிமிடம் ரசித்துக் குடித்தேன்.

இன்று அவளுக்கு நெஞ்சுவலி. டிரைவர் இல்லாத ஆம்புலன்ஸ் அன்று விழுந்த அந்த அரை அங்குல மேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது.

"பாதை சமமாக இல்லை. மன்னிக்கவும்."

"ஏறு சனியனே! நான் போட்ட ரோடுதான், ஒண்ணும் ஆகாது!"

அதைக் கேட்ட பிறகுதான் அது விளக்கையும் அணைத்தது.

வீட்டுக்கு ஓடி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"வண்டி எங்கங்க நிக்குது?"

"நீ டீ குடுத்த எடத்துல."

மூச்சு வாங்கச் சிரித்தாள். "டீயாவது நல்லா இருந்துச்சா?"

"சீனி கம்மி," என்றேன், வழக்கம்போல.

மேட்டைத் தாண்டும்போது அவள் கை என் கழுத்திலிருந்து நழுவியது.

"இல்ல புள்ள, நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சு," என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.