முந்திக்கொண்ட குரல்

தாளம் ஒரு மென்பொருளில், வயலின்கள் இன்னொன்றில், பாடும் குரல் மூன்றாவதில். மூன்றும் சேர்ந்து ஓடாமல் ஜெரால்டை ஒரு மாதமாக அலைக்கழித்தன. அக்கா பிலோமினா பாடியது எப்போதும் சற்றுப் பிந்தியே வந்து சேர்ந்தது. இன்று சாயங்காலத்துக்குள் பாட்டை அனுப்பாவிட்டால் அவன் இசையமைக்கவிருந்த படம் வேறு யாருக்கோ போய்விடும். கடைசி வரியை இன்னும் எழுதவே இல்லை.

"மூணையும் கோத்துட்டேன்க்கா. பாடு பாப்போம்."

எதிரொலி வராமலிருக்கப் புடவை அலமாரிக்குள் மைக்கோடு நின்றாள் பிலோமினா. அவள் வாய் திறக்குமுன்பே இருவர் ஹெட்போனிலும் அவள் குரல் பாடியது.

"ஏல, நேத்துப் பாடினதப் போட்டுட்டியா?"

"அதையெல்லாம் அழிச்சாச்சு. பிந்தி வந்ததச் சரிபண்ணப் போயி, நீ பாடப்போறது முந்தி வருதுக்கா!"

"அப்போ கடைசி வரியும் வருமால?"

"நிக்காம பாடு!"

ஒவ்வொரு வரியாகக் குரல் முன்னே ஓட, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு துரத்திப் பாடினாள். கடைசி வரியும் வந்தது. அப்படியொரு வரி அவர்கள் யோசனையில்கூட வந்ததில்லை. ஜெரால்டு துள்ளியெழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது.

"பாடுக்கா! விட்டுராத!"

"இருல. நான் பாடலைன்னா, இப்போ கேட்டது யாரு பாடினது?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தாளம் மட்டும் ஓடியது. ஜெரால்டு கையெடுத்துக் கும்பிட்டான். அப்போது ஹெட்போனில் அவள் குரல் மூச்சிரைக்கச் சிரித்தது.

"பாடியாச்சு! அனுப்பிருல!"

பிலோமினா பொத்திய கையை இன்னும் எடுக்கவில்லை.