ஊரோடு வர்றாங்க

கலியமூர்த்தியின் சம்மந்தி நடராசனும் மாப்பிள்ளை மதிவாணனும் ஒரே அரசு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர்கள். "வேலை முடிஞ்சுதுப்பா, ஊரோட வர்றாங்க" என்று மகள் பூர்ணிமா போனில் சொன்னதுமே, அவர் சம்மந்திக்குப் போர்த்த ஒரு சால்வை வாங்கிக்கொண்டு பாபநாசத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

"சம்மந்தி அந்தக் காலத்துல சேர்ந்தவர். மாசம் பொறந்தா பென்ஷன். இனிமே நிம்மதியா வயலைப் பாத்துக்கலாம்" என்றார் நடராசனின் மனைவி கமலாம்பாளிடம்.

அவள் காபியை நீட்டினாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. நடராசன் இறங்கினார். பின்னாலேயே மதிவாணன் பெரிய பெட்டியோடு இறங்கினான். கலியமூர்த்தி சால்வையைப் பிரித்துக்கொண்டு எழுந்தார்.

நடராசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்குங்க. நாளைக்கே திரும்பணும். இவனைக் கொண்டுவந்து விடத்தான் வந்தேன். காண்ட்ராக்ட் ஆளுங்க எல்லாரையும் நிறுத்திட்டாங்க."

"சீக்கிரமே பர்மனென்ட் ஆயிடும்னு சொல்லித்தானே பொண்ணு கேட்டீங்க?"

"எங்ககிட்டயும் அப்படித்தாங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

கதவோரம் நின்ற பூர்ணிமா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். மதிவாணன் படியேறாமல் தெருவிலேயே நின்றான்.

கலியமூர்த்தி சால்வையை மடித்து நாற்காலியில் வைத்தார். பிறகு இறங்கிப் போய் அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை. ராத்திரியெல்லாம் தூங்கியிருக்க மாட்டீங்க."