தலைவர் கொண்டுவந்த சாட்சி

"களவாணிப் பய. தோள்ல மூடையோட எப்பிடிப் போறான் பாரு!"

செல்போனைக் கம்ப்யூட்டர் கடை முபீனாவின் மூக்குக்கு நேரே நீட்டினார் காசிராஜன். ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் தலைவர். அவருடைய விசிட்டிங் கார்டில் பேருக்கு இடம் போதாமல் பட்டங்கள் நிறைந்திருக்கும்.

சங்கத்து ஏலக்காயைக் காயவைக்கும் குரங்கணி ஸ்டோரின் வாசல் சிசிடிவி படத்தில் தெரிந்தது. வாட்ச்மேன் பால்சாமி மூடையோடு வெளியே வந்தார். நின்றார். கேமராவுக்குக் கீழ்ப்பக்கமாகத் திரும்பினார். வாய் அசைந்தது. பிறகு நடந்துவிட்டார். போனில் சத்தமே இல்லை.

"யார்கிட்டயோ பேசுறாராண்ணே?"

"பேச்சா? வெத்தல மெல்லுறான்! தெனாவெட்டப் பாத்தியா? இது என் போன்ல ஓடுது, சங்கத்து டிவியில ஓட மாட்டேங்குது. வெரசா மாத்திக் குடு. பதினோரு மணிக்குக் கூட்டம். எல்லாரும் பாத்ததும் நேரா போலீஸ்தான்."

முபீனாவுக்குக் கை ஓடவில்லை. கடை திறக்கும்போதே பால்சாமியின் மனைவி சுருளியம்மாள் வாசலில் நின்று அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

"என்ன கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு தாயி. 'தலைவர் உப்பத் தின்னுட்டேன்'னு அதையே சொல்லிச் சொல்லி அழுகுறாரு. ஜெயில்ல போட்டுட்டா நாங்க எங்க போவோம்?"

படம் மாறாமலே போய்விட்டால் நல்லது என்று நினைத்தபடி கம்ப்யூட்டரைப் போட்டாள் முபீனா.

"என்னம்மா இது, விண்டோஸ் மாதிரி இல்லியே?"

"லினக்ஸுண்ணே. காசு குடுக்க வேணாம்."

"ஓசின்னா தரம் எங்கிட்டு இருக்கும்?" என்று வருத்தப்பட்டார், சங்கத்து ஜீப்பில் வந்து இறங்கியிருந்த தலைவர்.

படத்தை மாற்றும் மென்பொருளின் ஜன்னலுக்குள் ஃபைலை இழுத்துப் போட்டாள். வீடியோ ஒன்று, சில போன்களில் கேட்காத ரக ஆடியோ ஒன்று என்று காட்டியது. இரண்டிலும் டிக் விழுந்திருந்தது.

"ஆடியோவும் இருக்கட்டுமாண்ணே?"

"கேமராவுக்கு வாயா இருக்கு? என் போன்ல ஒரு முனகலாச்சும் கேட்டுச்சா? எதையும் தொடாத. இருக்கிறத இருக்கிற மாதிரியே குடு. வெட்டி ஒட்டிட்டான்னு நாளைக்கு எவனும் சொல்லிரக் கூடாது."

தொடங்கு பொத்தானை அழுத்தினாள். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து நூறு சதவீதத்தைத் தொட்டது. கடையில் ஸ்பீக்கர் கிடையாது. படம் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துப் பென்டிரைவில் ஏற்றினாள். ஒரு குடும்பத்தைத் தன் கையாலேயே பள்ளத்தில் தள்ளிவிடுவதுபோல் இருந்தது.

"நீயே வந்து போட்டுவிட்டுரு" என்று அவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார் தலைவர்.

சங்க மண்டபத்தில் உட்கார இடமில்லை. படத்தில் எதுவும் தப்பிவிடக் கூடாது என்று டிவியை மைக்செட்டோடு இணைக்கச் சொன்ன காசிராஜன், நாணயம் என்றால் என்ன என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். மூலையில் பால்சாமி தலை நிமிராமல் நின்றார். சுருளியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"போடும்மா! ஊரே பாக்கட்டும்!"

பொத்தானை அழுத்திவிட்டு முபீனா கண்களை மூடிக்கொண்டாள்.

ஆளுயர ஸ்பீக்கர் இரண்டிலும் முதலில் மலைக் காற்று இரைந்தது. அதன் பின்னால், பதினெட்டு வருஷத்துப் பணிவோடு, பால்சாமியின் குரல்:

"தலைவரே, இந்த மூடையும் ஒங்க வீட்டுக்குத்தானா?"