எழுபத்திரண்டு

வந்திருந்தவர்கள்: என் மனைவி பொற்கொடி, எட்டு வயது மகள் நிலானி, தேர்வாளர் ஜெபமணி, நான்.

பற்றை அறுக்க மடத்தில் தரும் முக்திச் சிகிச்சையின் கடைசித் தேர்வு. வீட்டார் மூன்று நிமிடம் என்ன வேண்டுமானாலும் பேசலாம். பொற்கொடியின் நாடித்துடிப்பு பத்து ஏறினால் தோல்வி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தேறினால் உள்மடம்தான், திரும்ப முடியாது.

நிலானிக்கு இழுப்பு. அவள் மூச்சைக் கேட்டபடியே இரவெல்லாம் விழித்துக் கிடந்த பொற்கொடியை இங்கே சேர்த்தவன் நான். கவலை மட்டும் போகும் என்று நம்பிய முட்டாள்.

நான் கெஞ்சினேன், திட்டினேன். திரையில் எழுபத்திரண்டு அசையவில்லை.

நிலானி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பு வந்ததுபோல் நடித்தாள்.

“இன்ஹேலர் அப்பா பையில இருக்கு, கண்ணு,” என்றாள் பொற்கொடி கனிவாக. தேர்வாளரைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. எழுபத்திரண்டு.

நிலானி அழுதாள். அழுததில் நிஜமாகவே இழுக்கத் தொடங்கியது. அப்போதும் எழுபத்திரண்டு.

“அபாரம் சார்! இந்த வருஷம் இவங்கதான் முதல்,” என்று ஜெபமணி என் கையைக் குலுக்கினார்.

நான் இன்ஹேலரை நீட்டினேன். நிலானி அதைத் தள்ளிவிட்டு, திணறித் திணறிக் கேட்டாள்: “அப்பா, நான் சரியா நடிக்கலையா?”

பொற்கொடி எழுந்து உள்மடத்துக்குள் போனாள். அவள் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.