நான்கு திருகுகள்

வெர்னாவின் புதுத் துப்பாக்கி அந்த ஞாயிறும் குறி தவறியது. மூன்று குண்டுகளும் இலக்குத் தாளில் மூலைக்கு ஒன்றாய்ப் பாய்ந்திருந்தன.

"ஏம்மா, போன வாரந்தானே குறிபாக்குற ஸ்கோப்பை இறுக்கிக் கொடுத்தேன்? வண்டியில காளை மாட்டையா பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுப் போற?" என்றார் துப்பாக்கி சுடும் தளத்தின் பொறுப்பாளர் ஹார்லன்.

"என்னைக் கேட்டா? நம்ம மொன்டானாவோட குண்டும் குழியுமான ரோட்டைக் கேளுங்க."

ஹார்லன் சிரித்தார். மனைவி இறந்த பிறகு அவர் சிரிப்பதே அபூர்வம். வெர்னாவின் வீட்டில் வானொலி மட்டும்தான் பேசும். தபால்காரன்கூட வாசலில் நிற்பதில்லை.

அவர் ஸ்கோப்பின் நான்கு திருகுகளையும் இறுக்கினார். குமிழைத் திருப்பிக் குறியைச் சரிசெய்தார். அவள் மறுபடி சுட்டாள். நூறு கஜத் தொலைவில் மூன்று ஓட்டைகளும் ஒரு காசுக்குள் அடங்கின.

"அவ்வளவுதான். சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குது. இனிமே நீ இங்க வர வேண்டியதில்ல."

அவள் குனிந்து காலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "நல்லதாப் போச்சு. உங்க காபியிலேருந்து எனக்கு விடுதலை."

"குடு, எண்ணெய் போட்டுத் தரேன்" என்று துப்பாக்கியை உள்ளே கொண்டுபோனவர், உறையிலிட்டு, வண்டிவரை வந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்துதான் வெர்னா உறையைத் திறந்தாள். மூன்று ஞாயிறுகளாகச் செய்தது போலவே, திருகுகளைத் தளர்த்தத் திருப்புளியை எடுத்தாள்.

நான்கும் ஏற்கெனவே தளர்ந்திருந்தன. எல்லாம் ஒரே அளவுக்கு.