எங்க வீட்டுச் சண்டை

மனுஷன் வார்த்தையை நம்பாமல் மெஷின் சொல்வதை நம்புகிற காலமாகிப் போச்சே என்று பெரியவருக்கு வயிறெரிந்தது. மூன்றாவது முறையாக பாட்டு, பேச்சுப் பதிவுகளை இணையத்தில் ஏற்றிப் பகிரும் அந்தக் கம்பெனியின் படியேறினார்.

"என் பதிவை ஏன்யா ஏத்த மாட்டேங்கிற?"

"திருட்டுப் பதிவுன்னு மெஷின் சொல்லுது, பெரியவரே. சொந்தமா பதிஞ்சதைத்தான் இங்க பகிர முடியும்" என்றார் அதிகாரி.

"எம் பொண்டாட்டி சாகறதுக்கு முந்தி நானும் அவளும் போட்ட சண்டை அது! அவ குரல் அது ஒண்ணுலதான் மிச்சம் இருக்கு. தூரத்துல இருக்கிற மக அதைக் கேக்கணும்னு அழுவுறா. எங்க வீட்டுச் சண்டை எவன் கம்பெனிக்கய்யா சொந்தம்?"

"உங்க பதிவு எதோட ஒத்துப்போகுதுன்னு மெஷின் சொல்லுதோ, அதைப் போட்டுக் கேட்டுடுவோம்."

அதிகாரி பொத்தானைத் தட்டினார். பழைய பாட்டு கேசட் ஒன்றிலிருந்து கனத்த குரல் ஒன்று அறையையே அதட்டியது:

"இந்தக் கேசட்டைப் பிரதி எடுப்பது சட்டப்படி குற்றம்!"

பெரியவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இது நான்தான்யா! கேசட் கம்பெனியில மூட்டை தூக்கினப்ப, தொண்டை கனமா இருக்குன்னு முதலாளி பேச வெச்சாரு."

அதிகாரி நெளிந்தார். "திருட்டு கேசட்டுல எல்லாம் உங்க குரலும் சேர்ந்தே காப்பியாகி இருக்கு. அதைக் கேட்டாலே திருட்டுன்னு மெஷின் பழகிடுச்சு. உங்க குரலை மட்டும் வெட்டிட்டா ஏத்திடலாம்."

"நான் இல்லாம அவ யாரைய்யா திட்டுவா?"

அந்தச் சண்டை இருந்த செல்போனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, மெஷினை ஒருமுறை முறைத்துவிட்டுப் பெரியவர் படியிறங்கினார்.